வாசலில் வைத்த பத்திரிகை

என் கல்யாணத்துக்கு என் தாய்மாமன் வந்தாரா இல்லையா என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். வந்தார் என்பார் அப்பா. வரவில்லை என்பாள் அம்மா. வந்தேன், வரவிடவில்லை என்பார் மாமா. மூவரும் பேசுவது ஒரே காலையைப் பற்றித்தான். அன்றைக்கு நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணெதிரேதான் எல்லாம் நடந்தது. நான் வாகன இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் யார் மேல் தவறு என்று எழுதுவது என் பிழைப்பு. இந்த மோதலை மட்டும் என்னால் எழுதி முடிக்க முடியவில்லை.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனவள் இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் ஆவடி போய், ரயில் பிடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே அவளுக்கு செக்கிங் மேசை. தைத்து வரும் சட்டையை விளக்கடியில் விரித்து, எங்காவது தையல் விலகியிருந்தால், காலர் கோணியிருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அம்மா ஒட்டிய ஸ்டிக்கரை சூப்பர்வைசர்கூடப் பிய்த்ததில்லை என்பது அவளுடைய பெருமை. வீட்டிலும் அதே கண்தான். அப்பா கட்டும் வேட்டியில், நான் மடிக்கும் போர்வையில், பக்கத்து வீட்டுக்காரர் போடும் கோலத்தில், எங்கும் அவளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட ஓர் இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். தன் மேல் ஒட்ட அவள் யாரையும் விட்டதில்லை.

கம்பெனியில் தையல்காரர்கள் அவளைத் திமிர் பிடித்த பொம்பளை என்பார்கள். அதே சட்டையை அதே காரணத்துக்காக மேனேஜர் திருப்பி அனுப்பினால் அவர் கறாரான ஆள். நான் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தபோது அந்தச் சொல் என் மேலும் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். தெருவில் யார் பேச்சையும் நின்று கேட்காமல், தலையைக் குனியாமல் பஸ்ஸுக்கு நடப்பேன். படிக்கிற திமிர் என்றார்கள். அழுதுகொண்டே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "சொல்லட்டுமே. அவங்க ஊட்டுப் பொண்ணு படிச்சா அதுக்கும் வரும்" என்றாள். அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் ஒரு நகையைப் போல அணிந்துகொண்டேன். இன்றைக்கும் நான் தலை நிமிர்ந்து நடந்தது திமிர் என்று நினைக்கவில்லை. என் உழைப்பில் வந்த நிமிர்வு அது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அம்மா பள்ளிக்கூடம் போகாததற்கு அவரும் ஒரு காரணம். வீட்டில் பெரியவர்கள் வேலைக்குப் போய்விட, கைக்குழந்தையாக இருந்த அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அம்மா. அவர் எட்டாவதோடு நின்றுவிட்டு லோடு ஆட்டோ ஓட்டினார். பிறகு பூந்தமல்லி போரூர் சாலையில் மனை விற்கும் தரகரானார். இப்போது காட்டுப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வீடு. எனக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்க வெயிலில் வரிசையில் நின்றவர் அவர்தான். சேர்க்கை நாளன்று கல்லூரி அலுவலகத்தில் கேட்காதவர்களிடமெல்லாம் "என் அக்கா பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். கிண்டல் பாதி, பெருமை பாதி. என் கல்யாணம் நிச்சயமானபோது எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. மாமா வந்து என் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அது தாய்மாமன் காரியம். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், இரண்டு முனையிலும் நூல் கோத்த பொன்னிறத் தகடு ஒன்றைப் பெண்ணின் நெற்றியில் வைத்துப் பின்னந்தலையில் முடிச்சுப் போடுவார். அதன் பிறகுதான் அவள் கல்யாணப் பெண். அப்படிப்பட்டவருக்குப் பத்திரிகை வைப்பதும் சாதாரணம் அல்ல. குலதெய்வத்துக்கு அடுத்து அவருக்குத்தான். கணவன் மனைவி இருவருமாகப் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, குங்குமம், மேலே பத்திரிகை. வீட்டுக்குள் போய், சாமி படத்துக்கு முன்னால் அவர்களையும் ஜோடியாக நிற்கச் சொல்லி, தட்டோடு கையில் கொடுத்து, வந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்று வாயால் அழைக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது அழைப்பில்லை. இப்படிக் குறைந்துபோனதால் பல வருடங்களாகப் பேசிக்கொள்ளாத வீடுகளை எங்கள் தெருவிலேயே காட்டுவேன்.

அம்மாவும் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கம் கிளம்பினார்கள். அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்கிறார், அதிகம் பேசாதவர். ஒரு போன் செய்துவிட்டுப் போகலாமே என்று அன்றைக்கு அவர்தான் சொன்னார். "கூடப் பொறந்தவன் ஊட்டுக்குப் போறதுக்கு பர்மிசன் வாங்கணுமா?" என்று அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அங்கே நடந்ததை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் குடியிருப்பில் யார் வந்தாலும் காவலாளி தன் போனில் வீட்டு எண்ணைத் தட்டுவார். மேலே இருப்பவர் தன் போனில் சரி என்று அழுத்தினால்தான் கேட்டைத் திறப்பார். மாமா போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். அத்தை கடைக்குப் போயிருந்தார். காவலாளி வெளியூர்க்காரர், புதியவர். அம்மா அக்கா தம்பி என்று என்ன சொல்லியும் அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். உச்சி வெயிலில் தட்டை ஏந்திக்கொண்டு அம்மா கேட்டருகே நின்றாள். அப்பா தட்டை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. காவலாளி தன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார், அம்மா உட்காரவில்லை. அப்போது ஒரு தண்ணீர் லாரி வந்தது. அதற்குக் கேட் உடனே திறந்தது. "லாரிய கேக்காம உடுறான். பொறந்தவள நிக்க வைக்கிறான்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாளாம்.

ஈரத்தலையும் தோளில் துண்டுமாக மாமா ஓடி வந்தார். "இன்னாக்கா, ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதா? மேல வா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார் என்று அப்பா இன்றைக்கும் சத்தியம் செய்வார். அம்மா அசையவில்லை. கையிலிருந்த தட்டைக் காவலாளியின் நாற்காலியில் வைத்தாள். "பத்திரிக வச்சிட்டேன். வந்து நடத்திக் குடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அப்பா கொஞ்ச நேரம் நாற்காலியையும் மாமாவையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அவள் பின்னால் ஓடினார்.

அதற்குப் பிறகு இரண்டு வழக்குகள் தயாராகிவிட்டன. என்னை வாசலில் நிற்க வைத்தான் என்பது அம்மாவுடையது. என் பத்திரிகையை வாட்ச்மேன் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள் என்பது மாமாவுடையது. இரண்டும் உண்மை.

ஒரு வாரம் பார்த்துவிட்டு, வேலை முடிந்து நானே காட்டுப்பாக்கம் போனேன். முன்பே போன் செய்திருந்ததால் கேட் சுலபமாகத் திறந்தது. மாமா வீட்டு வாசலில், கதவுக்கு வெளியே செருப்பு வைக்கும் அலமாரியின் மேல் அந்தத் தட்டு இருந்தது. வெற்றிலை சருகாகியிருந்தது. வாழைப்பழம் கறுத்து ஈ மொய்த்தது. பத்திரிகை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. தான் எடுத்து உள்ளே வைக்கிறேன் என்றதற்கு மாமா கை வைக்காதே என்றுவிட்டார் என்று அத்தை என் காதருகே சொன்னார். உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது.

"வாசல்ல குடுத்தது வாசல்லயே கெடக்கட்டும் மேடம். நீ உள்ள வா."

காபி வந்தது. நான் அலுவலகத்தில் பேசுவது போலவே பேசினேன். எனக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது. கேட் சட்டம் மாமா போட்டது இல்லை. குளிக்கப் போனது குற்றம் இல்லை. ஆனால் வந்தவர்கள் அவ்வளவு நேரம் நின்ற பிறகு, முதல் வார்த்தையாக ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டிருக்க வேண்டாம். அம்மாவும் மேலே போயிருக்க வேண்டும். நாற்காலியில் வைத்தது பெரிய தவறு. எல்லாம் சொல்லிவிட்டு, "ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு மாமா. அம்மா மேலதான் அதிகம்" என்று முடித்தேன்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ என் மேலயும் கீதுன்ற."

"கொஞ்சம் இருக்கு."

"எவ்ளோ கீது?"

அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அம்மா மேல் அதிகம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. என் கணக்கில் தனக்கு எவ்வளவு என்பதை மட்டும் அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். நான் பதில் சொல்லத் தடுமாறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பால்கனிப் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"உங்கம்மாவ ஒரு வார்த்த கூப்பிடச் சொல்லு. மன்னிப்பு கின்னிப்பு எதுவும் வாணாம். வாடான்னா போதும். சின்ன வயசுல மண்ணுல வெளாடிகினு கீறப்ப தெருமுனையில இருந்து அப்படித்தான் கூப்புடுவா. சோறு துன்ன ஓடுவேன்."

நானே இப்போது கூப்பிடுகிறேன், வாருங்கள் என்றேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். கல்யாணப் பெண்ணே போய் மாமனை அழைத்துக்கொண்டு வருவது முறையில்லை, நாளைக்கு நாலு பேர் உன்னைத்தான் பேசுவார்கள் என்றார். என் மேல் உள்ள அக்கறையால் சொன்னார். அதனால் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

"பத்திரிக வச்சாச்சு. வச்சப்புறம் இன்னா தனியா ஒரு கூப்பாடு? அது முறையில்ல."

உள்ளே போய் வைக்கவில்லையே என்றேன். உள்ளே விட்டால்தானே வைக்க முடியும் என்றாள். மேலே வா என்று கூப்பிட்டாராமே என்றேன்.

"எப்ப? நான் தட்டோட வெந்தப்புறம். நீ யாரு பக்கம்டி பேசுற?"

"நியாயத்தோட பக்கம்."

"அது எந்தப் பக்கம் கீதுன்னு சொல்லு. நானும் அங்கியே வந்து குந்திக்கிறேன்."

அப்பாகூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவும் மாமாவும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: முறையில்லை. இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவர்கள் நின்றுகொண்டதும், அங்கே அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை. நான் கேட்டதெல்லாம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. என்னிடம் படிப்பு இருந்தது, நியாயம் இருந்தது, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொல்லும் வாய் இருந்தது. அதனால் ஒரு பயனும் இல்லாமல் போனது.

அந்த நாட்களில் அம்மாவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் திமிர் என்ற சொல் நாக்குநுனி வரை வரும். விழுங்கிவிடுவேன். அது எங்களை அடிப்பதற்காக மற்றவர்கள் எடுத்த சொல். விளக்கடியில் நாள் முழுக்க நின்று கண் நோக உழைத்தவளை, அவள் சரியாக இருந்த காரணத்துக்காகவே, அந்தச் சொல்லால் அடித்தார்கள். அவள் பணிந்து போயிருந்தால் நான் படித்திருக்க மாட்டேன். பன்னிரண்டாவதோடு எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவள் அவள். அந்தப் பிடிவாதம்தான் என்னை ஆளாக்கியது. அதே பிடிவாதம்தான் இப்போது மாமாவை வெளியே நிறுத்துகிறது. முதலாவதற்கு நான் வைத்திருந்த பெயர் தைரியம். இரண்டாவதற்கு என்ன பெயர்? இரண்டும் அவளிடம் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. எந்தத் தையலில் பிரித்தால் ஒன்று மட்டும் கழன்று வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் ஆவடியில் ஒரு மண்டபத்தில். விடிந்ததும் அத்தையிடமிருந்து எனக்குக் குரல் பதிவு ஒன்று வந்தது. மாமா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சீர்த்தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்திருக்கிறார், போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மணப்பெண் அறையில் அம்மா என் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். இன்னொரு முறை போடச் சொன்னாள். போட்டேன்.

"ரெடியாயிட்டான்ல? வருவான்."

ஒரே ஒரு போன் அம்மா என்றேன். ரெடியானவனுக்கு எதற்குப் போன் என்றாள். நான் மாமாவின் எண்ணை அழுத்தி அவள் காதருகே நீட்டினேன். மணி அடிப்பது எனக்கே கேட்டது. அவள் போனை வாங்கினாள். ஒரு கணம் பேசப்போகிறாள் என்றே நினைத்தேன். கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானைத் தொட்டுவிட்டு, போனைக் கண்ணாடி மேசையில் வைத்தாள். தலையை நேராக வை, பூ சரிகிறது என்றாள்.

மணையில் உட்கார்ந்தேன். புரோகிதர் பெண்ணின் தாய்மாமனை அழைத்தார். மறுபடியும் அழைத்தார். முகூர்த்த நேரம் நெருங்குவதாக மைக்கில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த உறவுக்காரர் ஒருவர் எழுந்து, அம்மாவின் பெரியப்பா மகன் இருக்கிறாரே, அவரும் அண்ணன் முறைதானே, அவர் கட்டட்டும் என்றார். அந்த அண்ணனும் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு மேடைப் பக்கம் நகர்ந்தார்.

அம்மா கையை நீட்டி அவரை நிறுத்தினாள்.

"வாணாம் அண்ணே. ஒரே வயித்துல பொறந்தவன்தான் கட்டணும். அவன் இல்லன்னா இன்னா? அதே வயித்துல பொறந்தவ நான் கீறேன். நான் கட்டுறேன்."

அம்மா பட்டம் கட்டுவது என்பதை எங்கள் ஆட்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. புரோகிதர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். முறை முறை என்று சொல்லித் தம்பியை ஒரு வார்த்தை அழைக்க மறுத்தவள், அத்தனை பேர் முன்னால் அந்த முறையைத் தன் கையாலேயே உடைத்தாள். அவளுக்கு அது உடைப்பதாகவே தோன்றவில்லை. அவள் செய்தால் அது முறை.

என் பின்னால் வந்து நின்றாள். தகடு நெற்றியில் குளிர்ந்தது. மேடையில் ஒரு பெண்ணின் கை அந்த இடத்தில் இருப்பதை நினைத்து எனக்குள் ஏதோ எழுந்தது. அதைப் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது மண்டபக் கதவருகே சலசலப்பு. நான் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்; அம்மா கவனிக்கவில்லை, அவள் கண் முடிச்சில் இருந்தது. மாமா வந்துகொண்டிருந்தார். கையில் சீர்த்தட்டு, மேலே மாலை. வண்டியை விட்டு இறங்கி ஓடி வந்த மூச்சு இரைப்பு. என் எண்ணிலிருந்து வந்து நின்றுபோன அழைப்பைப் பார்த்து, அக்காதான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்துக் கிளம்பியிருக்கிறார். இதைப் பிறகு அத்தை சொன்னார்.

நடுவழியில் வந்ததும் மேடையில் நடப்பது அவருக்குப் புரிந்தது.

"அக்கா, இரு" என்றார்.

மண்டபம் முழுக்கக் கேட்டது. என் தலைக்குப் பின்னால் அம்மாவின் விரல்கள் நின்றன. "அம்மா, மாமா வந்துட்டாரு" என்றேன். அவள் சுவாசம் என் கழுத்தில் பட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆடாத" என்றாள் என்னிடம். "முடிச்சு இன்னும் உழல."

விரல்கள் மறுபடி அசைந்தன. நூல் இறுகியது. நான் தலையை ஆட்டியிருந்தால் தகடு விழுந்திருக்கும். ஆட்டவில்லை. அது பணிவா, அவளோடு நான் சேர்ந்துகொண்டதா, இல்லை என்ன செய்வதென்று தெரியாமல் உறைந்துபோனதா என்று பலமுறை யோசித்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விடை வருகிறது.

முடிச்சு விழும் வரை மாமா நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு மேடைப் படியில் தட்டை வைத்தார். யாரோ நீட்டிய அட்சதையில் கொஞ்சம் எடுத்து என்னை நோக்கிப் போட்டார். பாதி என் மடியில் விழுந்தது. அம்மாவைப் பார்க்காமல் திரும்பி நடந்தார். அம்மா அப்போதுதான் என் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவர் முதுகைத்தான் பார்த்திருப்பாள். அப்பா மண்டபத்து கேட் வரை அவர் பின்னாலேயே போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பினார்.

மாலையில் சாமான்களைக் கட்டும்போது அம்மா யாரிடம் என்றில்லாமல், "சாப்ட்டானா?" என்று கேட்டாள். இல்லை என்றார் அப்பா. "துன்னாம போயிருக்கான் பாரு திமிர் புடிச்சவன்" என்றாள் அம்மா. அன்றைக்கு அவளும் பந்தியில் உட்காரவில்லை என்று அப்பா பின்னால் என்னிடம் சொன்னார்.

மறுவீட்டுக்கு வந்திருந்தபோது ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று அவளிடம் கேட்டேன். முகூர்த்தம் தப்பிவிடும் என்றாள். நான் விடவில்லை. அவள் சலித்துக்கொண்டு சொன்னாள்: "அத்தினி நாளு அவன் போனுக்கு நான் காத்துகினு இருந்தேன். அவன் ஒரு நிமிசம் நின்னா இன்னா கொறஞ்சிடும்?"

அவளும் காத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அங்கே அவர் சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே இவள் ஊக்கு தைத்துக்கொண்டே போன் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் இருப்பவர் மேல்தான் தவறு என்று தெரிந்தவர்களால்தான் இவ்வளவு நாள் அசையாமல் உட்கார்ந்திருக்க முடியும்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கொஞ்ச காலம் இருவருக்கும் நடுவே நான்தான் தபால்காரி. அக்காவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று மாமா என்னிடம் கேட்பார். அவனுக்கு சுகர் பார்த்தார்களாமா என்று அம்மா என்னிடம் கேட்பாள். நான் இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எனக்குத் தோன்றியது: நான் சுமக்கும் வரை இவர்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள். இருவரிடமும் சொல்லிவிட்டேன். இனி என்னிடம் கேட்காதீர்கள், நேராகப் பேசிக்கொள்ளுங்கள். என் கணவர், வயதானவர்களிடம் இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்றார். இதுதான் சரி, பொறுத்திருந்து பாருங்கள் என்றேன்.

இன்னும் பொறுத்துத்தான் இருக்கிறேன். இருவரும் பேசவில்லை. முன்பு என் மூலமாகவாவது ஒருவர் உடம்பைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. ஆனாலும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால் என் பக்கம்தான் நியாயம் இருப்பது போலத் தெரிகிறது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் அப்படித்தானே தெரிந்திருக்கும் என்ற எண்ணம் வரும்போது, எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறேன்.

நேற்று காலையிலிருந்து விடாத மழை. சாயங்காலம் அம்மா போன் செய்தாள். சாப்பாட்டைப் பற்றி, ரயில் தாமதத்தைப் பற்றி, கம்பெனியில் புதிதாக வந்த பெண்ணுக்கு ஸ்டிக்கர் நேராக ஒட்டத் தெரியாததைப் பற்றிப் பேசினாள். பிறகு, "காட்டுப்பாக்கத்துல தண்ணி நிக்குதாமா?" என்றாள்.

"தெரியலம்மா. போன் பண்ணிக் கேளு."

"எனக்கு இன்னாத்துக்கு?" என்றாள். வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரியும். குடியிருப்பு வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் படத்தை மாமா காலையிலேயே அனுப்பியிருந்தார். அதற்குக் கீழே, முத்தாபுதுப்பேட்டையில் எப்படி இருக்கிறது மேடம் என்று கேட்டிருந்தார். அக்காவுக்கே போன் பண்ணிக் கேளுங்கள் மாமா என்று எழுதினேன். அவர் படித்துவிட்டார். பதில் இல்லை.